நீலத்தின் மேல் அடித்த பச்சை

அருள்,

சென்னையிலிருந்து நீ எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை கையில் கிடைத்தது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்துவிட்டேன். இன்று துறைமுகத்தில் எனக்கு வேலை இல்லை. உன் அம்மா பலகாரத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருக்கிறாள். வீடு முழுக்கக் கல்யாண வேலை நடக்கிறது. எனக்கு மட்டும் இந்த மேசையும் தாளும்தான் வேலை. இதை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்து முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்.

நீ இரண்டு விஷயம் கேட்டிருக்கிறாய். மாதா கோயில் பதிவேட்டில் உன் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட லேயோன் முதலாளி ஆசைப்படுகிறார், அவரே உனக்குக் கடிதம் எழுதிவிட்டார், அதற்கு நான் ஏன் இத்தனை நாளாய் வாய் திறக்கவில்லை என்பது ஒன்று. நம் சாதிச் சங்கத்தின் இளைஞர் பிரிவுக்கு உன்னைச் செயலாளராகப் போட நினைக்கிறார்கள், அதற்கு நான் என்ன சொல்கிறேன் என்பது இன்னொன்று. "நம்ம ஆட்களுக்கு என்று ஒரு குரல் வேண்டாமா அப்பா?" என்று எழுதியிருக்கிறாய். மூன்றாவதாக ஒன்றை நீ ஒவ்வொரு விடுமுறையிலும் வாயால் கேட்டிருக்கிறாய். நானும் உன் பெரியப்பாவும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்று. ஒவ்வொரு தடவையும் ஏதோ சொல்லி மழுப்பினேன். இந்த மூன்றுக்கும் பதில் ஒன்றுதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அது நடந்தபோது நீ பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் இருந்தாய். ஊரார் அரைகுறையாகச் சொல்லி நீ கேட்டிருக்கலாம். நான் முழுசாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. சாதி என்ற சொல்லைக் கேட்டதும் நான் முகம் சுளிப்பவன் இல்லை. எனக்கு ஒன்பது வயதில் உன் தாத்தா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்று நாள் இந்தக் கரையில் ஒரு வள்ளம்கூட வலை போடவில்லை. எல்லாரும் அவரைத்தான் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது நம் தெரு ஆட்களால். யார் அரிசி கொண்டு வைத்தது என்றுகூடத் தெரியாது, வாசலில் இருக்கும். என்னையும் உன் பெரியப்பாவையும் வளர்த்தது அந்தச் சாதிதான். அதனால் 'நம்ம ஆட்கள்' என்று நீ எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லின் சூடு எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அதை வைத்து என்னை ஏமாற்ற முடிந்தது. என்னாலும் மற்றவர்களை ஏமாற்ற முடிந்தது.

நம் ஆட்களுக்குள்ளேயே மேசைக்காரர், கம்மாரக்காரர் என்று இரண்டு உண்டு என்பது உனக்குத் தெரியும். ஒரே சாதி, ஒரே கோயில், ஒரே மாதா. ஆனால் மேசைக்காரக் குடும்பங்கள் வியாபாரம், கப்பல், லாஞ்சு என்று இருப்பவர்கள். கோயிலில் அவர்களுக்கு முன்னால் இடம். நாம் கடலில் இறங்குகிற கம்மாரக்காரர்கள்; பின்னால் தரையில் உட்கார்ந்தவர்கள். லேயோன் முதலாளி மேசைக்காரர். பதினோரு வருஷம் அவருடைய மீன்பிடி லாஞ்சை நான் ஓட்டினேன். அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் வீட்டு முன்வாசல் வழியாக ஒரு நாளும் நான் உள்ளே போனதில்லை. பின்பக்கம் சமையல்கட்டுப் பக்கமாகப் போய் நிற்பேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. காலே அந்தப் பக்கம்தான் போகும்.

நம் தெருவில் லாஞ்சு ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் ஆள் நான். அதில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. பெரியப்பா கடைசிவரை லாஞ்சில் ஏறவில்லை. சொந்த வள்ளமும் தன் வலையுமாக இருந்தார். "ஏலே, ஒன் எஞ்சின் சத்தத்துல மீன் ஓடுறதுகூடக் கேக்காதுல. அங்கன என்ன தொழில் செய்யித?" என்று கேலி செய்வார். நான் சிரிப்பேன். நான் ஒரே நாளில் கொண்டுவரும் மீன் அவர் வலையில் நாலு நாளைக்கு விழாது என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் எறாலுக்கு வெறி பிடித்தது. வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிக்காரர்கள் கரையிலேயே வந்து நின்றார்கள். எறால் கிடப்பது கரையோரச் சேற்றுத் தரையில். அந்தக் கரையோரம் வள்ளக்காரர்களுடையது. லாஞ்சு அங்கே தரையை வாரும் மடிவலை இழுக்கக் கூடாது என்று ஊரில் பேசி வைத்திருந்தார்கள். லேயோன் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "யாரு பாக்கப்போறா? விடியதுக்குள்ள ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வெளிய போயிரு" என்றார். போனேன். ஒரு நாள் இல்லை, ஒரு மாதமாகப் போனேன்.

அது ஒரு வியாழக்கிழமை. வாடைக்காலம், கிழக்கு வெளுக்க ஆரம்பித்திருந்தது, தண்ணீர்மேல் லேசாகப் பனி மூட்டம். எனக்கு முன்னால் வலையின் மிதப்புக்கட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. எஞ்சினை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் பின்னால் இழுபடும் மடி தரையில் மாட்டிக் கிழியும். மடி கிழிந்தால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். இதை நான் யோசித்தது ஒரு நிமிஷம் இருக்குமா? அந்த ஒரு நிமிஷத்தில் வலை எங்கள் மடியில் சிக்கி இழுபட ஆரம்பித்துவிட்டது. வலையின் மறுமுனை ஒரு வள்ளத்தில் இருந்தது. "ஏலே! நிறுத்துல! நிறுத்துல!" என்று ஒரு குரல் வந்தது. அடுத்து அதே குரல் அலறியது. அருள், அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு அப்போதே தெரியும். ஒன்பது வயதிலிருந்து என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட குரல். தெரிந்துதான் எஞ்சினைக் கூட்டி வெளிக்கடலுக்கு ஓட்டினேன்.

வலைக்கயிறு அவர் வலது மணிக்கட்டைச் சுற்றி முறுக்கிவிட்டது. எலும்பு இரண்டு இடத்தில் ஒடிந்தது. கூட இருந்தவர்கள் கயிற்றை அறுத்ததால் கை போகாமல் பிழைத்தது. மூட்டத்தில் அவர் கண்ணில் பட்டது ஒன்றுதான்: லாஞ்சு நீல நிறம்.

எட்டு மணிக்கு நாங்கள் கரை ஏறியபோது முதலாளி வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டார். "ஒன் அண்ணன் செபஸ்தியான் கை ஒடிஞ்சு போச்சாமே. பாவம்" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "நீல லாஞ்சுன்னு சொல்லுதானாம். நீலத்துல ரெண்டுதான் இருக்கு. நம்மளுது ஒண்ணு, காயல்பட்டினத்து முதலாளியோடது ஒண்ணு. நம்மளுது இன்னைக்குப் பச்சையாயிட்டா?" என்று கேட்டு நிறுத்தினார். பிறகு என் தோளில் கை வைத்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. "நம்ம சாதிக்குள்ள சண்ட வந்துரக் கூடாது பாத்துக்க. அதுக்காகத்தான் சொல்லுதேன்."

லாஞ்சைக் கரைக்கு ஏற்றிச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது வழக்கமான வேலைதான். அன்று பகல் முழுக்க நானும் லாஞ்சு ஆட்கள் மூன்று பேரும் நீலத்தின்மேல் பச்சை அடித்தோம். இதில் ஓர் ஆச்சரியம் கேள். அந்த லாஞ்சு முந்தின நாள்வரை நீலம் என்பது கரையில் நூறு பேருக்குத் தெரியும். பெயிண்ட் காயாத லாஞ்சைத் தாண்டித்தான் எல்லாரும் போனார்கள், வந்தார்கள். ஒருவராவது "இது ஏன் இன்னைக்குப் பச்சை?" என்று கேட்கவில்லை. அவர்கள் முட்டாள்கள் இல்லை. நம்ம ஆளாக இருக்காது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். அந்த முடிவுக்குப் பிறகு கண் பார்த்தாலும் மனசு பார்க்கவில்லை.

சனிக்கிழமை சாயந்திரம் சங்க மண்டபத்தில் கூட்டம். லேயோன் முதலாளிதான் தலைவர். மேடையில் தன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, கையில் கட்டோடு வந்த பெரியப்பாவை உட்கார வைத்தார். ஒரு மேசைக்காரர் பக்கத்தில், அவர் உயரத்தில், நம் குடும்பத்து ஆள் ஒருவர் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். பெரியப்பா முகத்தில் வலி இருந்தது. வலிக்கு நடுவே கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒடிந்த கையைவிட அந்தப் பெருமையை நினைத்தால்தான் எனக்கு இன்றும் அதிகமாக வலிக்கிறது. "இந்தக் கடல் யாரு கடல்? நம்ம கடல்!" என்று முதலாளி பேசினார். "வெளிய இருந்து வந்தவன் நம்ம கடல்ல நம்ம பிள்ள கைய ஒடிச்சிருக்கான். இன்னைக்குக் கை. நாளைக்கு?" இதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எரி என்று சொல்லவில்லை, அடி என்று சொல்லவில்லை. நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டாலும் அவர் பேச்சில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது. நான் பின்வரிசையில் நின்றேன். கைதட்டினேன். ஆமாம், கைதட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கரைப் பக்கம் போனார்கள். சிலர் கையில் மண்ணெண்ணெய் டின். காயல்பட்டினத்து லாஞ்சு அடிப்பாகம் சுரண்டுவதற்காக மணலில் ஏற்றிக் கிடந்தது. அது நினைத்தாலும் கடலுக்குள் போக முடியாது. உன் அம்மா பச்சைக் கறை பட்ட என் சட்டையைத் துவைக்க எடுத்தவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க என்னைக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சிய?"

"வியாழக்கிழம."

"ஒங்க அண்ணனுக்குக் கை ஒடிஞ்சது என்னைக்கு?"

நான் அவள் கையிலிருந்த சட்டையைப் பார்த்தேன். அவளுக்கு அது போதும். மூன்று நாளாக அவள்தான் பெரியப்பா வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சட்டையைக் கீழே போட்டாள்.

"அந்த லாஞ்சுல அஞ்சு பேரு நிக்காவ. அவங்களுக்கும் வீட்டுல பொண்டாட்டி இருக்கும், பிள்ள இருக்கும். நீங்க போறியளா, நான் போகட்டா?"

போனேன். தைரியத்தில் போனேன் என்று நினைக்காதே. அவள் போய் நின்றால் அதற்குப் பிறகு நான் இந்த ஊரில் எப்படி நடப்பேன் என்ற வெட்கத்தில் போனேன். எந்த வெட்கமாக இருந்தால் என்ன, அது என் காலை நகர்த்தியது.

கரையில் இருநூறு பேராவது இருப்பார்கள். லாஞ்சின்மேல் டிரைவர் மீராசா ஒரு பலகையைக் கையில் பிடித்து நின்றார். அவர் காயல்பட்டினத்துக்காரர். அவரோடு நாலு ஆட்கள். அதில் ஒருவன் மணப்பாட்டுப் பக்கம், நம்மைப் போல மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன், பெயர் சூசை. கூட்டத்தில் ஒருவன் அவனைப் பார்த்து, "ஏலே சூசை, நீ நம்ம ஆளுதான, நீ எறங்கி வந்துரு!" என்று கத்தினான். சூசைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "அஞ்சு பேரும் ஒரே பானையில சோறு திங்கோம். நான் எப்படி எறங்க?" என்று அவன் அழுகிற குரலில் சொன்னான். இறங்கவில்லை.

அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு வாய் வந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். எல்லாருக்கும் முன்னால் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார், கழுத்திலிருந்து தொங்கும் துணியில் கை. "அண்ணே, இவங்க இல்ல. நான்தான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "லேயோன் முதலாளி லாஞ்சு. ஸ்டியரிங் என் கையில இருந்துச்சு. நீங்க கத்துனது எனக்குக் கேட்டுச்சு." அவர் இடது கையால் என் கன்னத்தில் அறைந்தார். நான் விழுந்தேன். "காசு வாங்கிட்டு அவனுக்காகப் பேசுதான்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். நாலைந்து பேர் என்மேல் விழுந்தார்கள். உதட்டில் இந்தத் தழும்பு அன்று வந்ததுதான். வழுக்கி விழுந்தேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். மணலில் கிடந்தபடியே, "போய்ச் சொரண்டிப் பாருங்கலே! பச்சைக்கு அடியில என்ன இருக்குன்னு பாருங்க!" என்று கத்தினேன்.

இரண்டு பேர் ஓடினார்கள். எங்கள் லாஞ்சு கூப்பிடு தூரத்தில்தான் நின்றது. அதுவரை இருநூறு பேரும் சும்மா நின்றோம். பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சத்தம் வந்தது. "நீலந்தாம்லே!"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருவன் "அப்ப அந்த லாஞ்சக் கொளுத்து" என்று ஆரம்பித்தான். பெரியப்பா திரும்பி, "போதும்ல. அதுல நாளைக்கு வேலைக்குப் போறவன் ஒன் தம்பி" என்றார். கூட்டம் கலைந்தது. மண்ணெண்ணெய் கொண்டு வந்தவர்கள் டின்னைச் சிந்தாமல் திரும்ப வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அடுப்புக்கு வேண்டுமே. பெரியப்பா என் பக்கத்தில் வந்து, "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உடம்பெல்லாம் அடி, அண்ணன் போய்விட்டார், வேலையும் போய்விட்டது என்று தெரியும். ஆனாலும் மணலில் உட்கார்ந்திருந்த எனக்கு மூச்சு அடிவயிறுவரை இறங்கியது. ஐந்து பேர் உயிரோடு இருந்தார்கள். மீராசா இறங்கி வந்து ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு மீராசாவை, அவர்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, காக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். சில வாரம் கழித்து டீக்கடையில் மீராசா காக்கா என்னிடம் ஒன்று சொன்னார். "தம்பி, அன்னைக்கு எங்க மொதலாளிக்குச் சொல்லி விடலாம்னு ஆள் அனுப்புனேன். அவுக வீட்டுல இல்ல. காலையிலேயே ஒங்க மொதலாளியும் எங்க மொதலாளியும் ஒரே கார்ல திருநெல்வேலிக்குப் போயிட்டாவ. ரெண்டு பேரும் சேந்து ஐஸ் பேக்டரி போடப் போறாவளாம்." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது; நிறுத்த முடியவில்லை. இருநூறு பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம், நடுவில் மண்ணெண்ணெய். எங்கள் 'நம்ம'வும் அவர்கள் 'நம்ம'வும் ஒரே காரில் பாளையங்கோட்டை ரோட்டில் பேசிக்கொண்டே போயிருக்கிறார்கள். லாஞ்சு எரிந்தால் அதற்கு இன்சூரன்ஸ் உண்டு. சூசைக்கு என்ன உண்டு?

எந்த லாஞ்சிலும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. புதுத் துறைமுகத்தில் ஆள் எடுத்தார்கள். கப்பல் சரக்கைத் தூக்கும் வின்ச் ஓட்டப் போனேன். ஆனால் லாஞ்சு ஆட்களை விடவில்லை. நானும் மீராசா காக்காவும் சூசையும் லாஞ்சு லாஞ்சாகப் போய்ப் பேசினோம். விடியாமல் லாஞ்சை எடுக்க மாட்டோம், கரையோரம் மடி போட மாட்டோம் என்று எல்லா லாஞ்சு ஆட்களும் ஒன்பது நாள் கடலுக்குப் போகாமல் உட்கார்ந்தார்கள். பத்தாம் நாள் முதலாளிகள் ஒத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை நம் கரையில் வள்ளக்காரன் வலை அறுந்தது என்று ஒரு சண்டை வரவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்.

இங்கேயே முடித்தால் நான் ஏதோ தெளிந்த மனிதன் மாதிரி உனக்குத் தோன்றும். அதனால் இன்னொரு தப்பையும் எழுதுகிறேன். அந்த வெற்றியில் எனக்குத் தலை வீங்கிவிட்டது. சாதி பொய், மதம் பொய், முதலாளி தொழிலாளி என்ற இரண்டுதான் நிஜம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசினேன். நாங்கள் தொடங்கிய லாஞ்சுத் தொழிலாளர் சங்கத்தின் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் பள்ளிக்கூடத்தில் நடக்கும். செபம் சொல்லித்தான் தொடங்குவோம். மீராசா காக்கா செபம் முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். அவரும் காயல்பட்டினத்து மற்ற ஆட்களும் வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்கு நேரம் விட வேண்டும் என்று கேட்டார்கள். ஞாயிறு லீவைத்தான் முதல் கோரிக்கையாக வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமையைப் பிறகு பார்க்கலாம் என்றேன். "இதுல என்ன இருக்கு காக்கா? நாம எல்லாரும் தொழிலாளிதான்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஒனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. கூட்டம் ஒன் வீட்டு வாசல்ல நடக்கு. செருப்ப எங்கன கழத்தணும்னு தெரியாம நிக்கது நான்தான" என்றார்.

அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. லேயோன் முதலாளி 'நாம எல்லாரும் ஒரே சாதி' என்று சொல்லி என்னைப் பின்வாசலில் நிறுத்தினார். நான் 'நாம எல்லாரும் ஒரே வர்க்கம்' என்று சொல்லி மீராசா காக்காவை மரத்தடியில் நிறுத்தினேன். பிறகு கூட்டத்தை டீக்கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்கு மாற்றினோம். செபம் செய்கிறவர்கள் வீட்டில் செய்துவிட்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்தையும் கேட்டு வாங்கினோம். அதைக் கேட்டு நம் ஆட்களும் கையெழுத்துப் போட்ட அன்றுதான் அது உண்மையில் சங்கம் ஆனது என்று நினைக்கிறேன்.

இனி உன் கேள்விகளுக்கு வருகிறேன். நம் ஆட்களுக்குக் குரல் வேண்டும். வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். பெரிய ஆபீசுகளில் நம் பிள்ளைகளைப் பார்த்து 'மீன் வாடை' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், உனக்கே நடந்திருக்கிறது. அங்கே நீ பேசத்தான் வேண்டும். ஆனால் செயலாளர் நாற்காலியில் உட்காருவதாக இருந்தால் முதல் கூட்டத்தில் ஒன்று கேள். லாஞ்சில் போகிறவனுக்கு அடிபட்டால் லாஞ்சுக்காரர் என்ன செய்வார் என்று கேள். கேட்பவனும் நம்ம ஆள், பதில் சொல்ல வேண்டியவரும் நம்ம ஆள். அந்தக் கேள்வியை அங்கே பேச விட்டார்கள் என்றால் அது உன் சங்கம், தாராளமாக இரு. 'இது வெளியில தெரியக் கூடாது' என்று உன் தோளில் யாராவது கை வைத்தால் எழுந்து வந்துவிடு. இதற்குமேல் நான் சொல்ல மாட்டேன். நீ படித்தவன்; என்னைவிடச் சீக்கிரம் எழுந்து வருவாய்.

லேயோன் முதலாளிமேல் எனக்குப் பகை இல்லை. கல்யாணத்துக்கு அழைப்பிதழ் கொடுத்துவிட்டேன். முன்வாசல் வழியாகப் போய்த்தான் கொடுத்தேன். அவருக்கும் வயதாகிவிட்டது, எழுந்து நின்று வாங்கினார். ஊரில் ஒருவராக வரட்டும், சாப்பிடட்டும். சாட்சிக் கையெழுத்து அவர் போட வேண்டாம். அதற்கு ஆள் கிடைத்துவிட்டது.

பெரியப்பா வீட்டு வாசலுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை என்று தெரிந்து மீராசா காக்காவே அழைப்பிதழை எடுத்துக்கொண்டு போனார். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது; காக்கா சொல்லவில்லை. முந்தாநாள் காலை பதினோரு மணி இருக்கும். நான் பந்தலுக்கு மூங்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா வந்து நின்றார். ஐந்து வருஷத்தில் தலை முழுக்க வெளுத்திருக்கிறது. வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. நேராகக் கேட்டார்.

"வியாழன், வெள்ளி, சனி. மூணு நாளு எப்படில ஒறங்குன?"

"ஒறங்கலண்ணே."

என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "சரி" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "ஏளா, சோறு இருக்கா?" என்று உன் அம்மாவைக் கேட்டார். அவள் அடுப்படியிலேயே அழுதுவிட்டாள். மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். வலது கை விரல்கள் முழுசாக மடங்குவதில்லை; ஸ்பூன் கொடுத்தாள், வேண்டாம் என்றார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கையை மறைக்காமல், அவசரப்படாமல் சாப்பிட்டார். கல்யாணத்தன்று பதிவேட்டில் அவரே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். இன்னொரு கையெழுத்து மணப்பாட்டுச் சூசை போடுவான். மீராசா காக்கா அன்று முழுக்கப் பந்திப் பொறுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். கோயிலுக்குள் வரச் சொன்னேன். "வாரேன். செருப்ப எங்கன விடணும்னு நீ காட்டு" என்று சொல்லிச் சிரித்தார்.

நீ இதைப் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்று ஐந்து வருஷமாகப் பயந்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை. கோபம் வந்தால் நேரில் வந்து கேள். அறைய வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் உனக்கு உரிமை உண்டு, கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வோம். உன் அம்மாவுக்கு இதை முழுக்க வாசித்துக் காட்டினேன். இடையில் ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னாள். தான் சட்டையைக் கீழே போடவில்லை, மடித்துத்தான் வைத்ததாகச் சொன்னாள். அவள் சொன்னபடியே நீயும் வைத்துக்கொள்.

தபாலாபீசு மூடுவதற்குள் போக வேண்டும். உறையில் போட்டு ஒட்டிவிட்டேன் என்றால் மறுபடி பிரித்து ஒரு வரியை அடிக்கலாமா என்று தோன்றும். அதனால் ஒட்டின கையோடு நடந்துபோய்ப் பெட்டியில் போட்டுவிடப் போகிறேன். உள்ளே விழுந்த பிறகு என்னால் எடுக்க முடியாது. அதை நினைக்கும்போதே எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா.

அப்பா